சாம்பல் நிற ஜோடி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நான் நலமாக இருக்கிறேன். போன மாதச் சளி போய்விட்டது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அம்மா எப்படி இருக்கிறாள்?

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். என் இயர்போனின் இடது பக்கம் செத்துவிட்டது. வலது பக்கமும் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் பேசுகிறது. இந்தப் பாறைத் தீவில் செல்போன் சிக்னல் இல்லை. வானிலை நிலையத்து வயர்லெஸ் செட் காற்றின் வேகத்தையும் மழை அளவையும் சொல்லவும் அலுவலகச் செய்திக்கும் மட்டும்தான். நீ மெமரி கார்டில் பதிவு செய்து அனுப்பும் அம்மாவின் குரல்தான் எனக்கு டெலிபோன். ஜெனரேட்டர் என் பொறுப்பு என்பதால் என் படுக்கையும் அதன் அறைக்குப் பக்கத்து அறையில். காதை அடைத்துக்கொண்டு உள்ளே பேசுகிற இயர்போன் இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் குரலைத்தான் கேட்க வேண்டும்.

விலை குறைவானதே போதும். ‘ஹைப்ரிட்’ என்று கேட்டு வாங்கச் சொல்கிறார் வயர்லெஸ்காரர். ஒவ்வொரு காதிலும் இரண்டு டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், இருக்குமாம். பெரியது கனத்த ஒலிக்கு, கடுகளவு சின்னது மெல்லிய ஒலிக்கு. இதைக் கேட்டதும் எங்கள் சமையல்காரர், “ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா? அப்போ கிளீனர் எங்கே உட்காருவான்?” என்றார்.

படகு மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான். பிடிக்கவில்லை என்றால் மாற்ற முடியாது. அதனால் நீயே போட்டுப் பார்த்து, நல்லதை அனுப்பு. பாட்டு போட்டுப் பார்க்காதே. அம்மா பேசியது உன் போனில் இருக்கும் அல்லவா, அதைப் போட்டுப் பார். எனக்கு அது தெளிவாகக் கேட்டால் போதும். டிசம்பர் வரை ஓட்ட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். முதுகு வலி கடையில் புது நாற்காலி வந்த பிறகு பரவாயில்லை. அம்மாவுக்கு நன்றாகப் பசி எடுக்கிறது. தினமும் நாலு மணிக்குக் கேட் வரைக்கும் நடக்கிறாள். நடப்பது நல்லதுதானே.

இரண்டு ஜோடி வாங்கியிருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க. ஒன்று கறுப்பு. இன்னொன்று சாம்பல் நிறம். சாம்பல் பெட்டியில் பெரிதாகப் பேர் ஒன்றும் இல்லை, 72 என்ற எண் மட்டும். விற்றவன் இரண்டுமே ஹைப்ரிட் என்று சத்தியம் செய்தான்.

நீ வேண்டாம் என்றாலும் முதலில் பாட்டும் செய்தியும்தான் போட்டுப் பார்த்தேன். கறுப்பில் மேளம் நெஞ்சில் இடிக்கிறது. ஆனால் பாடுகிறவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறார். சாம்பலில் மேளம் அடக்கம். செய்தி வாசிக்கிற பெண் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுப்பது கேட்கிறது. அவள் தாளைத் திருப்புவது கேட்கிறது. இத்தனை வருஷம் அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறேன், தாள் சத்தம் கேட்டதில்லை.

அம்மாவின் பதிவில் முதல் வரியை மட்டும் கேட்டேன். அதற்குள் கடைக்கு நேரமாகிவிட்டது. “சின்னவனே” என்கிற அந்த ஒரு சொல்லிலேயே வித்தியாசம் தெரிந்தது. கறுப்பில் யாரோ ஒரு அம்மா. சாம்பலில் நம் அம்மா. வளையல் உரசுவது கூடக் கேட்டது.

காதுக்குச் சுகமா என்று உடனே சொல்ல மாட்டேன். பதினாறு வருஷமாக மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான். எந்தப் பிரேமும் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் காது உண்மையைச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை முழுப் பதிவையும் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். அநேகமாகச் சாம்பல்தான்.

அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவும் நலம். உன் சளி திரும்பவில்லையே?

இதோடு கறுப்பு ஜோடியை வைத்திருக்கிறேன். சாம்பல் சரிப்படவில்லை. அரை மணி நேரத்தில் காது மடலின் உள்பக்கம் வலிக்கிறது. ஒலியும் நான் நினைத்தது போல இல்லை. கூர்மையாக இருக்கிறது, கேட்டுக்கொண்டே இருந்தால் தலை நோகும். உனக்கு அங்கே தினமும் கேட்கிற வேலை. கறுப்புதான் சரி. மெத்தென்று உட்காருகிறது.

முன்னால் எழுதிய கடிதம் இன்னும் துறைமுக அலுவலகத்தில்தான் கிடக்கும், படகு நாளன்றைக்குத்தான் எடுப்பார்கள். அதில் எழுதியதைப் பொருட்படுத்தாதே. அவசரத்தில் எழுதியது.

வேலைக்கு நேரமாகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகம்தானே?

உன் இரண்டு கடிதங்களும் ஒரே படகில் வந்தன. அடுத்தடுத்துப் படித்தேன். சமையல்காரர் எட்டிப் பார்த்து, “என்னப்பா, உனக்கு ரெண்டு அக்காவா?” என்றார்.

கறுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டர் சத்தத்தை முக்கால்வாசி அடைக்கிறது. காதில் உறுத்தவில்லை. நாலு மணி நேரம் போட்டிருந்தேன், இருப்பதே தெரியவில்லை. ஆனால் அம்மா குரல் சளி பிடித்த மாதிரி கனமாக இருக்கிறது. “ஸ்வெட்டர் போட்டுக்கோ” என்கிறாள், முதல் எழுத்தே காணோம். வயர்லெஸ்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு, “இதுல சின்ன டிரைவர் லீவுல இருக்கார்” என்றார்.

இன்னொன்று. அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நிறுத்துகிறாள். மூன்று விநாடி, சில இடத்தில் ஐந்து. நான் எண்ணினேன். ஒரு காலத்தில் மூச்சு விடாமல் திட்டுகிறவள். அந்த இடைவெளியில் என்னை நினைத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு முறை கேட்கிறேன். “எப்ப வருவே?” என்று கேட்கிறாளே, அங்கே நிறுத்திவிட்டு டிசம்பர் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் சொல்வதில்லை.

சாம்பலையும் அனுப்பு. உன் முதல் கடிதத்தைப் படித்த பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வலிப்பதற்குக் காரணம் காது ரப்பரின் அளவாக இருக்கலாம். பெட்டியில் மூன்று அளவு இருக்கும், சின்னதைப் போட்டுப் பார். இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

தம்பி

ஏப்ரல் 10

அக்கா,

நேற்று வந்த படகில் அரிசி வந்தது, டீசல் வந்தது, பெரியவருக்கு, அதான் எங்கள் நிலைய அதிகாரிக்கு, அவர் மனைவி எழுதிய கடிதம் வந்தது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? உனக்கா, அம்மாவுக்கா?

படகு கிளம்ப இன்னும் பத்து நிமிஷம். நலமா என்று இரண்டு வரி எழுது. அது போதும்.

தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே. இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை முகாம். ஒரு நாளைக்கு எண்பது பிரேம். வீட்டுக்கு வந்தால் அம்மா. எழுத உட்கார முடியவில்லை.

சாம்பலைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அதைத் திருப்பிக் கேட்பது அழகல்ல. கறுப்பே காதுக்கு நன்றாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு என்ன?

புதுக் கார்டு வைத்திருக்கிறேன். ஆறு நிமிஷம்தான். அம்மாவுக்கு இப்போது அதிகம் பேசப் பிடிப்பதில்லை.

அந்த இடைவெளி பற்றி எழுதியிருந்தாய். வயதானால் நிதானம் வந்துவிடும்.

அக்கா

மே 20

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதமும் கார்டும் கிடைத்தன. எண்பது பிரேம் மாட்டிய கைக்கு ஓய்வு கொடுத்தாயா?

மார்ச் படகில் சமையல்காரர் விடுமுறையில் போனார். போகும்போது உன் கடிதத்தில் இருந்த சாம்பல் பெட்டியின் எண்ணை, அந்த 72-ஐ, அவர் கையில் பேனாவால் எழுதி அனுப்பினேன். நீ அனுப்ப மாட்டாய் என்று ஏனோ தோன்றியது. நாலு கடை ஏறி இறங்கி வாங்கிவந்துவிட்டார். “பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு அலைஞ்சதில்ல” என்கிறார். உன் கடிதம் வந்த அதே படகில் சாம்பலும் வந்து இறங்கியது.

இருபது நாள் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சின்ன ரப்பர் போட்டால் வலி இல்லை. வயரைக் காதுக்கு மேலே சுற்றிவிட்டால் நழுவுவதும் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தைக் கறுப்பு அளவுக்கு அடைக்காது, ஆனால் பாதகமில்லை. கனத்த ஒலி அளவோடு இருக்கிறது. மெல்லிய ஒலி பற்றி நீ முதல் கடிதத்தில் எழுதியதுதான் சரி. வளையல் கேட்கிறது. சுவர்க் கடிகாரம் கேட்கிறது. தெருவில் சைக்கிள் போவது கேட்கிறது. அம்மாவுக்கு எவ்வளவு பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்பது தெரிகிறது. அந்த விலைக்கு இவ்வளவு கேட்கக் கூடாது.

இப்போது கறுப்பைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

அக்கா, இனி பதிவு செய்வதானால் அம்மா தானாக என்ன பேசுகிறாளோ அதை மட்டும் செய். எனக்காக எதையும் கேட்கச் சொல்ல வேண்டாம். பேசாவிட்டாலும் சரி. அவள் உட்கார்ந்திருக்கிற சத்தம் போதும்.

தம்பி

மே 31

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா உடம்பளவில் நலம். நான் அப்படி ஒன்றும் நலமில்லை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்டுவிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கேட்டேன். சாம்பலைப் போட்டு முழுப் பதிவையும் ஓடவிட்டேன். “சாப்பிட்டியான்னு கேளும்மா” என்று என் குரல், பிறகு “சாப்பிட்டியா?” என்று அம்மா. “ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு.” “ஸ்வெட்டர் போட்டுக்கோ.” எவ்வளவு மெதுவாக அவள் காதில் சொன்னேன் தெரியுமா? என் போனில் போட்டுக் கேட்டபோது ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன கடுகு டிரைவர் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டது. அதனால்தான் கறுப்பை அனுப்பினேன். காது வலி பொய். தையல்காரம்மாவும் பொய். சாம்பல் என் துணி அலமாரியில் இருக்கிறது.

நீ போனபோது அவளுக்கு உன்னைத் தெரியும். அது சத்தியம். டிசம்பர் மழையில் ஆரம்பித்தது. முதலில் என்னைச் சித்தி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு “சின்னவன் கடிதம் போட்டிருக்கான்” என்றால், “யாரு சின்னவன்?” என்றாள். பதிவு செய்யும்போது அந்தக் கேள்வி வந்த போதெல்லாம் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இருபது நிமிஷக் கார்டுக்கு மூன்று நாள் ஆனது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் கொஞ்சம் மெதுவாகப் போக வைக்கலாம் என்றார்.

நாலு மணிக்குக் கேட் வரை நடக்கிறாள் என்று எழுதினேன் அல்லவா? ஒன்பது வயசுப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வரப்போகிறான் என்று போய் நிற்கிறாள். அவன் பேரையெல்லாம் சொல்வதில்லை. “இன்னும் வரலையே” என்பாள். ஐந்து மணிக்கு மறந்துபோய் உள்ளே வந்துவிடுவாள்.

நீ டிசம்பர் வரை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு தெரிந்து என்ன செய்வாய் என்று நினைத்தேன். திட்டுவதானால் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டேன். ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். நீ சாப்பிட்டாயா?

ஒரு வாரம் உன் மேல் கோபம் இருந்தது. ஒரு நட்டைக் கூடத் திருகி உடைத்தேன். பிறகு மறுபடி சாம்பலைப் போட்டுக் கேட்டேன், அம்மாவை விட்டுவிட்டு உன்னை மட்டும். இத்தனை மாதம் சாப்பிட்டாயா, குளிருகிறதா, எப்போது வருவாய் என்று கேட்டது எல்லாம் நீதான். டிசம்பர் என்று நான் சொன்னதும் உனக்குத்தான் போயிருக்கிறது.

ஆனாலும் அக்கா, எனக்கு அம்மா வேண்டும். அவளுக்கு வேண்டியது ஒன்பது வயசுப் பையன், நான் அவனில்லை. நாலு மணிக்கு இங்கே எண்ணெய் அளவு பார்க்க ஜெனரேட்டர் அறைக்குப் போகிறேன். அந்த நேரத்தில் அவள் கேட்டில் நிற்கிறாள் என்று தெரிந்தபிறகு எண்ணெய்க் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை, இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்று ஆள் கேட்டு அன்றைக்கே செய்தி அனுப்பினார். கிடைத்தால் செப்டம்பர், இல்லாவிட்டால் டிசம்பர்தான் என்றார். அதற்குள் அவளிடம் இன்னும் எவ்வளவு போய்விடும்?

இந்த முறை கார்டு என்னிடமிருந்து. அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அம்மா என்றோ மகன் என்றோ ஒரு இடத்திலும் சொல்லவில்லை. இங்கே நடப்பதைச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். அலமாரியில் இருக்கிற சாம்பலை எடுத்து அவள் காதில் போட்டுப் பார். யார் என்று நீயும் சொல்லாதே. அவளுக்கு வலிக்கிறதா, பிடிக்கிறதா என்று பார்த்து எழுது.

தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நானும் சாப்பிட்டேன். முதுகு வலி இருக்கிறது, இருக்கட்டும்.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் மாட்டியதும் பிடுங்கி எறிந்தாள். “காதுக்குள்ள எறும்பு பேசுதுடி!” என்று ஒரே கத்தல். சின்ன ரப்பர்தான், ஆனால் அது சில்லென்று இருந்திருக்கிறது. மறுநாள் ரப்பரை என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிப் போட்டேன். கண்ணாடிக் காம்பும் வயரும் ஒரே இடத்தில் அழுத்தின. கண்ணாடியைக் கழற்றினேன். அப்புறம் நெற்றியைச் சுருக்கவில்லை. மூன்றாம் நாள் வலது காதில் மட்டும், நாலாம் நாளிலிருந்து இரண்டிலும். இரண்டு மணி நேரம் ஆனபிறகு காதின் பின்னால் தடவிப் பார்த்தேன். சிவக்கவில்லை.

ஒலி எப்படி என்று அவளிடம் கேட்க முடியாது. பார்த்ததைச் சொல்கிறேன். சமையல்காரர் உப்பு டப்பாவைக் கடலில் தவறவிட்ட இடத்தில் சிரித்தாள். “கடல்லயே உப்பு இருக்கே, அள்ளிக்க வேண்டியதுதானே” என்று உனக்குப் பதில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ மூச்சு வாங்க நிறுத்துகிற இடமெல்லாம் “உம், அப்புறம்?” என்கிறாள். முடிந்ததும் திரும்பப் போடச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதிது.

நேற்று நாலு மணிக்குக் கேட்டுக்குப் போகவில்லை. காதில் நீ பேசிக்கொண்டிருந்தாய். நான் துணி மடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்து, “நீயும் கேளுடி, யாரோ ஒரு பையன், நல்லா பேசுறான்” என்றாள். கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். “பாவம், வீட்டுல யாரும் இல்ல போலிருக்கு. இருந்தா இப்படி மெஷின்ல பேசிக்கிட்டு இருப்பானா? ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு.”

இதை உனக்கு எழுதலாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்ததால் எழுதுகிறேன்.

இன்னொரு கார்டு அனுப்பு.

அக்கா

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்கா,

நலம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மாற்று ஆள் கிடைத்துவிட்டான். செப்டம்பர் மூன்றாம் தேதிப் படகில் அவன் இறங்குகிறான், நான் ஏறுகிறேன். புதுக் கார்டு அனுப்பவில்லை. சமையல்காரர் அழுகிற முகத்தை மறைக்க, “போய்த் தொலை, ரெண்டு இயர்போன்ல ஒண்ணையாவது வெச்சிட்டுப் போ” என்றார். கறுப்பை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாறை ஓரமாகப் போய் உட்கார்ந்திருந்தேன். வருத்தமா சந்தோஷமா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். எந்தப் பேரில் என்பதை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் செய். நான் வாசலில் வந்து நிற்கும்போது, “உன் மகன்மா, நல்லாப் பாரு” என்று அவளை நெருக்காதே. தெரியாமல் போனால் அவள் முகம் பயந்துவிடும், அதை என்னால் பார்க்க முடியாது. நீ வரச் சொன்ன பையன் வந்திருக்கிறான் என்று மட்டும் சொல். பக்கத்தில் உட்கார்ந்து நான் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டாளாமே. அதற்குப் பதிலை நேரில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி